நொய்ஸ்டாட் நகருக்கு ஓர் அறிமுகம்

ஒரு ஊரைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவன் அந்த ஊரில் மூன்று மாதம் தங்கியவன்தான். பிறந்து வளர்ந்தவனிடம் கேட்டுப் பாருங்கள். "ஏதோ இருக்கு, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான். பஸ்ஸில் ஒருமுறை கடந்து போனவன்கூட அடக்கமாக இருப்பான். இந்த மூன்று மாதக்காரன் இருக்கிறானே, அவன்தான் ஆபத்தானவன். அந்த ஊரின் சரித்திரம், தட்பவெப்பம், மக்களின் சுபாவம், எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும் என்பது வரை அவனுக்கு எல்லாம் தெரியும். (தெரியும் என்று அவன் நினைக்கிறான். அவனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.)

நான் ஜெர்மனியில் மூன்று மாதம் இருந்தவன்.

சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு புராஜெக்டுக்காக என்னை அனுப்பியது. ஊரின் பெயர் நொய்ஸ்டாட். ஜெர்மனியின் தென்மேற்கில், மலையடிவாரத்தில், திரும்பிய பக்கமெல்லாம் திராட்சைத் தோட்டமாக இருக்கும் சின்ன ஊர். அங்கே நான் தினமும் பார்த்தது என் அலுவலகத்தையும், தங்கியிருந்த அறையையும், இரண்டுக்கும் நடுவில் இருந்த சூப்பர் மார்க்கெட்டையும். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டை மூடிவிடுவார்கள் என்பதால் அன்றைக்கு மட்டும் ஊரைச் சுற்றிப் பார்த்தேன். இதுதான் என் ஜெர்மானிய ஆராய்ச்சியின் மொத்த அளவு. ஆனால் ஊர் திரும்பியதும் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சாலையைக் கடக்கும்போது, "ஜெர்மனில இப்படி இல்லப்பா" என்று பெருமூச்சு விடுமளவுக்குத் தேறியிருந்தேன். என் தம்பி அதற்குப் பிறகு என்னோடு சேர்ந்து சாலையைக் கடப்பதையே நிறுத்திவிட்டான்.

கொஞ்ச காலம் கழித்து டொராண்டோவில் வேலை கிடைத்து வந்தேன். ஸ்கார்பரோ பகுதியில், மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட் வாடகைக்குக் கிடைத்தது. மேலே குடியிருந்தவர்கள் யோகன் அங்கிளும் அவர் மனைவி மலர் அன்ரியும். இருவரும் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர்கள். அங்கிள் மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலை பார்த்தார். அன்ரி ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் பொறுப்பில் இருந்தார். அவர்களுக்கு ஒரே மகள், அபிராமி. கனடாவில் பிறந்தவள். பிசியோதெரபி செய்யும் கிளினிக்கில் வேலை.

நான் குடிவந்த வருடத்துக் கோடையில் அந்த வீட்டில் ஒரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. அபி ஒரு பையனை விரும்பினாள். பெயர் நிரோஷன். ஜெர்மனியில் பிறந்த ஈழத்துப் பையன். லண்டனில் ஏதோ ஒரு உறவினர் கல்யாணத்தில் சந்தித்து, இரண்டு வருடமாகப் போனிலேயே வளர்ந்த காதல். பையனுக்கு அங்கே மருத்துவமனையில் நல்ல வேலை. அம்மாவைத் தனியாக விட்டு வர முடியாது. ஆகவே அபிதான் போக வேண்டும். ஜெர்மனி என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து மலர் அன்ரி மகளோடு பேச்சை நிறுத்தியிருந்தார். பையனைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மிக்ஸியைப் போட்டுவிடுவார். மிக்ஸிக்குள் எதுவும் இல்லாவிட்டாலும் போடுவார்.

ஒரு நாள் சாயங்காலம் அங்கிள் கீழே இறங்கி வந்து என் சோபாவில் உட்கார்ந்தார்.

"தம்பி செந்தில், நீங்கள் முந்தி ஜேர்மனியில இருந்தனீங்கள் எல்லே?"

"ஆமா அங்கிள்."

"பெடியன்ர ஊர் ஏதோ நொய்ஸ்டாட் எண்டு பிள்ளை சொன்னவள். கேள்விப்பட்டிருக்கிறியளோ?"

அந்த நொடியில் நான் அடைந்த பூரிப்பை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். ஜெர்மனியில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த ஒருவனிடம், அந்த மூன்று மாதத்தைப் பற்றி வலிய வந்து யாராவது கேட்பது வாழ்நாளில் ஒருமுறை நடந்தால் பெரிது.

"நொய்ஸ்டாட்டா? நான் இருந்ததே அங்கதான் அங்கிள்."

அங்கிள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் ஈரம். "கடவுள்தான் உங்களை இஞ்ச அனுப்பினவர்" என்றார். (கடவுள் இதைப் பிற்பாடு மறுத்திருப்பார்.)

விஷயம் இதுதான். அடுத்த ஞாயிறு மிசிசாகாவிலிருந்து மலர் அன்ரியின் மூத்த அண்ணன் வருகிறார். குடும்பத்தில் எந்த முடிவானாலும் அவர் ஓம் என்றால்தான் அன்ரியும் ஓம் என்பார். அன்றைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு அந்தப் பையன் வீடியோவில் வந்து எல்லோரிடமும் பேசுவதாக ஏற்பாடு. அதற்கு முன்பு அந்த ஊரைப் பற்றி நான் கொஞ்சம் நல்லபடியாக எடுத்துச் சொன்னால் அவர்கள் மனது இளகும் என்பது அங்கிளின் திட்டம்.

"ஒரு சின்ன அறிமுகம் தம்பி. பத்து நிமிசம் காணும்."

"கவலைய விடுங்க அங்கிள். நான் பாத்துக்கறேன்."

பத்து நிமிடம் கேட்டவருக்கு நான் நாற்பது ஸ்லைடு தயாரித்தேன். ஆபீஸில் கிளையண்டுக்குக்கூட அப்படி உழைத்ததில்லை. முதல் ஸ்லைடில் 'நொய்ஸ்டாட்: ஓர் அறிமுகம்' என்று தங்க நிற எழுத்து. கீழே என் பெயர். பக்கத்தில் ஒரு நீரூற்றின் முன்னால் இடுப்பில் கைவைத்து நான் நிற்கும் படம். அபியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளும் அந்த வாரம் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த ஊரில் வாழ்ந்த நான், போனில் மட்டுமே அந்த ஊரைப் பார்த்த ஒரு சின்னப் பெண்ணிடம் போய் என்னத்தைக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மிசிசாகா மாமா (அபி அப்படித்தான் அழைப்பாள், நானும் அப்படியே) வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக நடு சோபாவில் உட்கார்ந்தார். அன்ரி அவருக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு. அபி காலை ஷிஃப்ட் முடிந்து ஒரு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். நான் லேப்டாப்பை அவர்களுடைய பெரிய டிவியில் இணைத்துவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

மிசிசாகா மாமாவைப் பற்றி அங்கிள் என்னிடம் பல விஷயங்கள் சொல்லியிருந்தார். கோயில் நிர்வாக சபையில் இருப்பவர், நேர்மையானவர், கொஞ்சம் கோபக்காரர். ஒன்றே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் கேக்கின் பெயரில் 'ரம்' என்ற சொல் இருந்ததைக் கேட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர் அவர். கேக்கை அவர் சாப்பிடவில்லை. பெயரைக் கேட்டதே போதுமானதாக இருந்தது.

ஆரம்பம் பிரமாதமாகத்தான் இருந்தது. ஜெர்மனியில் மற்ற இடங்களைவிட அங்கே நல்ல வெயில், அத்தி மரம்கூட வளரும், வசந்தத்தில் பாதாம் மரங்கள் தெருவெல்லாம் பூத்திருக்கும் என்றேன். அன்ரியின் கை மெல்லக் கட்டவிழ்ந்தது. "பனி கொட்டாதோ?" என்று கேட்டார். "ஸ்கார்பரோவோட ஒப்பிட்டா அதெல்லாம் பனியே இல்லைங்க அன்ரி" என்றேன். அங்கிள் எனக்கு மட்டும் தெரியும்படி கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அடுத்த ஸ்லைடில் பச்சைப் பசேலென்று சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம்.

மாமா முன்னால் சாய்ந்து பார்த்தார். "உது என்ன தம்பி, முந்திரிகையோ?"

"இல்லைங்க மாமா. முந்திரி இல்லை, திராட்சை."

"அதைத்தான் தம்பி நானும் சொல்லுறன். முந்திரிகை."

"முந்திரி வேறங்க மாமா. பாயாசத்துல போடுவாங்களே, அது."

"அது கஜு" என்றார் மாமா. (ஒரே மொழியைப் பேசும் இரண்டு பேர் இப்படி ஒரு பழத்தில் முட்டிக்கொள்வதை அங்கிள் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.) கடைசியில் படத்தைத் தொட்டுக் காட்டி இருவரும் ஒரே பழத்தைத்தான் சொல்கிறோம் என்று முடிவுக்கு வந்தோம். மாமா திருப்தியோடு தலையசைத்தார். "யாழ்ப்பாணத்திலயும் உப்பிடித்தான், எங்க பாத்தாலும் முந்திரிகைத் தோட்டம். நல்ல ஊர் போலதான் கிடக்கு. இவ்வளவு பழத்தையும் என்ன செய்யினம்?"

"வைன் செய்வாங்க மாமா" என்றேன் உற்சாகமாக.

அறையில் ஒரு அமைதி. புத்தியுள்ளவன் அந்த அமைதியைக் கேட்டு அங்கேயே லேப்டாப்பை மூடியிருப்பான். நான் அதை ஆழ்ந்த ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஊரே வைன்லதான் ஓடுது மாமா. நம்ம ஊர்ல டீ குடிக்கிற மாதிரி. மத்தியானச் சாப்பாட்டுக்கே இந்த சைஸ் கிளாஸ்ல குடிப்பாங்க" என்று கையால் அளவு காட்டினேன். அடுத்த ஸ்லைடு. "இது பக்கத்து ஊர்ல இருக்கற வைன் பீப்பாய். வீடு மாதிரி பெருசு. உள்ளேயே உக்காந்து சாப்பிடலாம்." படத்தில் நான் அந்தப் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிள் இருமினார். நான் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தொடர்ந்தேன். "வருஷா வருஷம் ஒரு பொண்ணைத் தேர்ந்தெடுத்துக் கிரீடம் வச்சு, 'வைன் ராணி'ன்னு பட்டம் கொடுப்பாங்க. பெரிய கௌரவம். நம்ம அபியே போய் நின்னாலும் நிக்கலாம்."

மலர் அன்ரி தன் நெஞ்சில் கை வைத்தார்.

அங்கிள் பரிதாபமான குரலில் குறுக்கே வந்தார். "தம்பி, வேற ஏதும்... இயற்கை, மிருகம், பறவை அப்பிடி ஏதும் இருந்தால் காட்டுங்கோவன்."

பறவை இருந்தது. அதை நான் கடைசியில் காட்டுவதற்காக வைத்திருந்தேன். என் ஜெர்மானிய வாழ்க்கையின் மணிமகுடமே அந்தப் பறவைதான்.

அதன் பெயர் எல்வெட்ரிட்ஷ. கோழி போன்ற உடம்பு, நீளமான அலகு, மிகுந்த கூச்ச சுபாவம். அந்த மலைக்காட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஊர் நடுவில் அதற்கு ஒரு நீரூற்றே கட்டி வெண்கலத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். என் கடைசி வாரத்தில் ஆபீஸ் நண்பர்கள் என்னை அந்தப் பறவையைப் பிடிக்கக் கூட்டிப் போனார்கள். ஒரு கையில் சாக்கு, மறு கையில் லாந்தர் விளக்கு கொடுத்து ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். அவர்கள் மேலேயிருந்து விரட்டுவார்கள், பறவை வெளிச்சத்தைப் பார்த்து ஓடிவந்து சாக்குக்குள் புகும். சாக்கைப் பிடிப்பதுதான் முக்கியமான வேலை, அதை விருந்தாளிக்குத்தான் கொடுப்போம் என்றார்கள். நான் மூச்சுவிடாமல் நின்றேன். கால் மரத்துப்போகும் வரை நின்றேன். பறவை வரவில்லை, நண்பர்களும் வரவில்லை. கீழே இறங்கி வந்தால் அடிவாரத்து மதுக்கடையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பறவை இன்றைக்கு வேறு பக்கம் போய்விட்டது என்றார்கள். இவ்வளவு பொறுமையாகச் சாக்கைப் பிடித்தவரை இதுவரை பார்த்ததில்லை என்று சொல்லி எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதை அப்படியே, உணர்ச்சி பொங்க, அந்த அறையில் சொன்னேன். சாக்கைப் பிடித்து நின்ற விதத்தை எழுந்து நடித்தும் காட்டினேன்.

"இறைச்சி எப்பிடியாம்?" என்று அன்ரி பலவீனமான குரலில் கேட்டார்.

"கோழி மாதிரிதான் இருக்கும்னு சொன்னாங்க அன்ரி."

மிசிசாகா மாமா தொண்டையைச் செருமினார். "காணும் தம்பி. நல்லா விளங்கப்படுத்தினீர்." பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார். "மலர், குடிகாரர்ர ஊருக்கு எங்கட பிள்ளையைக் குடுக்கேலாது. உந்தச் சம்பந்தம் சரிவராது."

"என்ன சரிவராது?"

வாசலில் அபி நின்றுகொண்டிருந்தாள். கிளினிக் உடையோடு, கையில் கார்ச் சாவியோடு. டிவியில் நான் பீப்பாயைக் கட்டிப்பிடித்திருக்கும் படத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தேன் (அது நன்றாக விழுந்த படம்). அவள் அதையும் என்னையும் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தபோது அவளுடைய போன் அடித்தது. சரியாக ஒரு மணி. அழைப்பை அவள் டிவிக்கு மாற்றினாள். பீப்பாய் மறைந்து, கழுத்துப்பட்டி கட்டிய ஒரு இளைஞன் திரையில் வந்தான். பரீட்சை எழுத வந்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வணக்கம் அங்கிள், வணக்கம் அன்ரி."

மாமா வணக்கமெல்லாம் சொல்லவில்லை. "தம்பி, நீர் குடிக்கிறனீரோ?"

"இல்லை அங்கிள்."

"உங்கட ஊர் முழுக்க வைன் தோட்டமாம். மத்தியானத்திலயே குடிக்கினமாம்."

நிரோஷன் குழம்பிப்போனான். "எங்கட ஊரிலயோ? இஞ்ச அப்பிடி ஒரு தோட்டமும் இல்லை அங்கிள்."

மாமா அன்ரியைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எல்லோருக்கும் புரிந்தது. குடிகாரன் என்றால்கூடத் திருத்திவிடலாம். வாயைத் திறந்ததும் பொய் சொல்கிறவனை என்ன செய்வது? அன்ரியின் முகம் வாடிவிட்டது. "பெடியன் ஏன் மறைக்கிறான்?" என்று அங்கிளிடம் முணுமுணுத்தார். "அந்த ஊரிலயே இருந்த தம்பி படத்தோட சொல்லுறார்."

இங்கேயாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் என் ஊரை ஒருவன் என் கண்முன்னே இல்லையென்று சொல்கிறான். பொறுக்க முடியவில்லை. திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"தம்பி, நான் உங்க ஊர்ல இருந்தவன். ஸ்டேஷன்ல இறங்கி நேரா நடந்தா தோட்டம் தெரியுமே, நீங்க பாத்ததில்லையா?"

"ஸ்டேஷனில இருந்து நேர நடந்தால் ஹாஃபன்... துறைமுகம் வரும் அண்ணா."

"துறைமுகமா? அங்க கடலே கிடையாதுங்க." நான் சிரித்தேன். சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, பார்த்தீர்களா என்பது போலக் கையை விரித்தேன். "உங்களுக்கு உங்க ஊரே சரியாத் தெரியல தம்பி."

அவன் அங்கேதான் பிறந்தான். அங்கேதான் பள்ளிக்கூடம் போனான். தன் கல்யாணம் ஆடிக்கொண்டிருக்கும் நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவன் தன்னுடைய ஊரிலிருந்து கடலை எடுத்துவிட்டதைக் கேட்டு, அவன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"நீங்கள் எந்த நொய்ஸ்டாட்டைச் சொல்லுறியள், அண்ணா?"

நொய்ஸ்டாட் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன தெரியுமா? புதூர். அவ்வளவுதான். புது ஊர், புதூர். இது எனக்கு அன்றைக்கே தெரியும், மூன்றாவது ஸ்லைடில் நானே போட்டிருந்தேன். திருச்சியிலேயே எத்தனை புதூர் இருக்கிறது. ஒரு ஜெர்மானியர் வந்து, "நான் தமிழ்நாட்டில் புதூரில் இருந்தேன்" என்று சொன்னால், எந்தப் புதூர் என்று கேட்டுச் சிரிக்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் ஜெர்மனிக்கு ஒரே ஒரு புதூர்தான் என்றும், அதிலும் நான் தங்கியிருந்த புதூர்தான் அது என்றும் எனக்கு எப்படித் தோன்றியது என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

"நொய்ஸ்டாட் எண்டு இஞ்ச கன ஊர் இருக்கு" என்றான் நிரோஷன். "நீங்கள் சொல்லுறது தெற்குப் பக்கம். நான் இருக்கிறது வடக்கில, கடற்கரையில. காரில போனாலே ஒரு நாள் போயிடும்." பிறகு போனைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினான். அங்கே மாலை ஏழு மணி, இன்னும் நல்ல வெளிச்சம். பெரிய டிவியில், மலர் அன்ரியின் ஹாலில், நீலக் கடல் வந்து நின்றது. படகுகள். கடற்பறவைகள். ஒரு திராட்சைக் கொடிகூட இல்லை.

நான் ஒரு அடி பின்னால் வந்தேன். இன்னொரு அடி வந்தேன். சமையலறை வாசல் வரை இப்படியே போய்விடலாம் என்று எண்ணியபோது மாமாவின் குரல் தடுத்தது.

"அப்ப உவர் சொன்ன கோழி?"

"எந்தக் கோழி அங்கிள்?"

அங்கிள் விவரித்தார். சாக்கு, லாந்தர், எல்லாவற்றையும் சொன்னார். சாக்கைப் பிடிக்கும் விதத்தைச் சற்று நடித்தும் காட்டினார். நிரோஷனின் முகம் ஒரு மாதிரி ஆனது. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"என்னோட படிச்ச பெடியன் ஒருத்தன் அந்தப் பக்கத்து ஆள். அவன் சொல்லியிருக்கிறான். அது... அது உண்மையான பறவை இல்லை அங்கிள். அந்த ஊர்ப் பகிடி. வெளியூர் ஆக்களிட்டைச் சாக்கைக் குடுத்துக் காட்டில நிப்பாட்டிப்போட்டு, மற்ற ஆக்கள் இறங்கிப் போய்க் குடிச்சுக்கொண்டு இருப்பினம்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

முதலில் சிரித்தது மிசிசாகா மாமா. அவர் சிரித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லையாம். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு விபூதி உதிர்ந்தது, பிறகு அவர் சோபாவிலேயே சரிந்துவிட்டார். அங்கிள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அபி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஓ மை காட், அண்ணா, ஹவ் லாங் நிண்டனீங்கள்?"

எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த மூன்று மாதத்தில் என்னை வெளியே அழைத்துப் போனவர்கள் அவர்கள் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு தரம். கைதட்டிய அந்த முகங்களை எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். அவர்கள் எதற்காக எழுந்து நின்றார்கள் என்பது வருடங்கள் கழித்து, ஸ்கார்பரோவில், பெரிய திரையில் எனக்குத் தெரியவந்தது. சிரிக்க முயன்றேன். வாய் ஒத்துழைக்கவில்லை.

"அண்ணா" என்றான் திரையில் இருந்த நிரோஷன். அவன் சிரிக்கவில்லை. "அவையள் பிடிக்காத ஆளை உப்பிடிக் கூட்டிக்கொண்டு போகமாட்டினம். தங்களோட சேத்துக்கொள்ளத்தான் செய்யிறது. என்ர கூட்டாளி தன்ர மாமனாரைக்கூட நிப்பாட்டினவன்."

அது உண்மையோ, எனக்காகச் சொன்னானோ தெரியாது.

அப்போதுதான் மலர் அன்ரி வாயைத் திறந்தார். அதுவரை அவர் அவனிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"தம்பி, உங்கட கடலில என்ன மீன் வரும்?"

"ஹெரிங் எண்டு ஒண்டு வரும் அன்ரி, சாளை மாதிரி. தட்டை மீனும் வரும். அம்மா படகடியிலயே போய் வாங்கிப் பொரிப்பா."

"குழம்பு வைக்கிறேல்லையோ?"

"அம்மா வைப்பா. ஆனா கறித்தூள் சரியில்லை எண்டு ஒவ்வொரு முறையும் சொல்லுவா."

"இஞ்ச இருந்து அனுப்பலாம்" என்றார் அன்ரி.

அவ்வளவுதான். அங்கிள் என் காதருகே வந்து, "தூள் அனுப்பிறன் எண்டிட்டாள் தம்பி. இனிப் பயமில்லை" என்றார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையனின் தகப்பன் வழி எந்தப் பக்கம் என்று விசாரிக்க ஆரம்பித்தார். மீதி ஸ்லைடுகளைக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை.

பின்னொரு நாள் அன்ரியிடம் கேட்டேன், அந்த மீன்தானே உங்களை மாற்றியது என்று. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "மீன் எல்லா இடமும் இருக்கு. நாங்கள் எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிச்ச நேரம் அந்தப் பெடியன் சிரிக்கேல்லை. அவனைக் கவிழ்க்கப் பாத்தது நீங்கள். அப்பவும் சிரிக்கேல்லை." பிறகு என்னைப் பார்த்து, அடக்க முடியாமல், மறுபடி சிரித்தார்.

அடுத்த வருடம் ஸ்கார்பரோவில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. வரவேற்பில் மிசிசாகா மாமா மைக்கைப் பிடித்து இந்தக் கதையை ஆதியிலிருந்து சொன்னார். முந்நூறு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் யார் எதை அடித்துச் சொன்னாலும், உடனே ஒருவர் கேட்பார்: "உது எந்த நொய்ஸ்டாட்?" ஹைவேயில் இப்போது நெரிசல் இல்லை என்று அங்கிள் சொன்னால் அபி கேட்பாள். கோயில் திருவிழா எத்தனை மணிக்கு என்று மாமா சொன்னால் அன்ரி கேட்பார். பிக்கரிங்கில் இருக்கும், என்னை ஒருபோதும் பார்த்திராத உறவினர்கள்கூடக் கேட்பதாகக் கேள்வி.

சில வருடம் கழித்து எனக்குச் சேலத்தில் பெண் பார்த்தார்கள். பையனைப் பற்றி டொராண்டோவில் யாரிடமாவது விசாரிக்க வேண்டும் என்று பெண்ணின் அப்பா கேட்க, நான் மலர் அன்ரியின் நம்பரைக் கொடுத்தேன். என்னைப் பெற்ற தாயைவிட நல்லவிதமாகச் சொல்வார் என்ற நம்பிக்கை. அப்படித்தான் சொல்லியிருக்கிறார். "தங்கமான பெடியன். குடி இல்லை, வெடி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குடுக்கலாம். ஒண்டே ஒண்டு, தம்பி ஏதும் இடத்தின்ர பேர் சொன்னால் மட்டும் நீங்கள் ஒருக்கால் விசாரிச்சுக்கொள்ளுங்கோ." காரணம் கேட்டதற்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டார்.

கல்யாணம் ஆனது. மாமனார் பெரிய மனிதர், ஒரு தடவைகூட என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. முதல் முறையாக டொராண்டோவுக்கு எங்களைப் பார்க்க வந்தார். விமானம் இறங்கி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு போன் செய்தார்.

"மாப்பிள்ளை, நான் வந்துட்டேனுங்க."

"நானும் வந்துட்டேன் மாமா. ஏர்போர்ட்லதான் நிக்கறேன்."

மறுமுனையில் பெட்டிகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"எந்த ஏர்போர்ட்டுலங்க மாப்பிள்ளை?"

நான் வெளியே போய்ப் பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன்.